பிறத்தியாரைக் காண்கிறேன்

மணி அடிக்கத் தொடங்கி அரை நிமிடம் ஆகியும் எட்வின் நெய்லர் எழும்பவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் இது முதல் தடவை. வாக்கெடுப்பு மணியின் முதல் அடிக்கே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நடப்பவர் என்று லண்டன் பாராளுமன்றத்தில் பெயர் எடுத்த மனிதர், இன்றைக்கு நூலகத்தின் ஆற்றுப்பக்க ஜன்னலடியில், ஆடை கட்டிப்போன தேநீரைப் பார்த்தபடி, வேறு யாருக்கோ அடிக்கிற மணி மாதிரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் அடிக்கும். அதற்குள் உறுப்பினர் தேநீர் அறையில் இருந்தாலும் சரி, கழிவறையில் இருந்தாலும் சரி, ஓடி வந்து சபை மண்டபத்துக்கு இருபுறமும் உள்ள இரண்டு நீளக் கூடங்களில் ஒன்றுக்குள் நுழைந்துவிட வேண்டும். சட்டமூலம் வேண்டுமென்றால் 'ஆம்' கூடம், வேண்டாமென்றால் 'இல்லை' கூடம். கை தூக்குவது, பொத்தான் அமுக்குவது எல்லாம் இவர்களுக்குச் சரிவராது. இங்கே வாக்கு என்பது காலால் போடுவது. எட்டாம் நிமிடம் சபாநாயகர் கதவைப் பூட்டச் சொல்வார். பூட்டினால் பூட்டினதுதான், பிரதமரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்கள். பிற்பகல் நாலேகால் மணி. ஜனவரி மாதம் என்றபடியால் வெளியே அதற்குள் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் பாதி ஆறும் பாதி அவருடைய முகமும் தெரிந்தன. முகத்துக்குப் பின்னால், புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில், தொப்பி போட்ட ஒருவர் நின்றார். எட்வின் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பது பழக்கத்தில் தெரியும். இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

எழும்பு எட்வின், எழும்பு. ஒன்பதாம் பிரிவு. வெளிநாட்டிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் முதியவர்களுக்கு விசா மறுக்கப்பட்டால் இனிமேல் மேன்முறையீடு கிடையாது, முப்பது நாளில் விமானம் ஏற வேண்டும், நிலுவையில் உள்ளவை உட்பட. நிலுவையில் உள்ளவை உட்பட. அந்த மூன்று சொல்லில் வந்து மனம் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி, இழுக்க இழுக்கக் கிழிகிறது. மூன்று சொல்லையும் பென்சிலால் எழுதிச் சேர்த்தது வேறு யாருமில்லை, அவர்தான். குழுக் கூட்டத்தில், போன ஒக்டோபரில், ஒரு சின்ன வயது உறுப்பினர் "ஏற்கெனவே மேன்முறையீடு செய்தவர்களை விட்டுவிடலாமா?" என்று கேட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தான். ஏன் என் முகத்தைப் பார்த்தான்? அறையில் பதினைந்து முகம் இருந்தது. பதினாலு முகத்தை விட்டுவிட்டு என் முகத்தை ஏன் பார்த்தான்? அந்தப் பார்வை தாங்காமல்தான் பென்சில் எடுத்தார். எழுதும்போதே தெரியும். மார்ஷ்விக் ஊரில், அவருடைய வீட்டின் பின்பக்க அறையில், மின்சாரக் கணப்புக்குக் கிட்டக் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற எழுபத்தொன்பது வயது நேசமலர், அவருடைய சொந்த அக்கா, அந்த நிலுவையில் உள்ள ஒருத்தி என்று எழுதும்போதே தெரியும். தெரிந்தும் கை எழுதியது. இன்றைக்கு அது சட்டமாகிறதா இல்லையா என்பது இந்த எட்டு நிமிடத்தில் இருக்கிறது. எட்டு இல்லை. ஏழு.

எழும்பினார். முழங்கால் முறுக்கியது. நூலகத்தைத் தாண்டினால் நீளமான நடை, பச்சைக் கம்பளம். இந்தக் கட்டடத்தில் பச்சைக் கம்பளம் போட்ட இடமெல்லாம் மக்கள் சபைக்குச் சொந்தம், சிவப்புக்கு மாறினால் பிரபுக்கள் சபை. வந்த புதிதில் ஒரு நாள் யோசனையில் நடந்து சிவப்புக்குள் போய்விட்டார். ஒரு காவலாளி மிகவும் பணிவாக "வழி தவறிவிட்டீர்களா ஐயா, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போகிற வழி அந்தப் பக்கம்" என்றான். சுற்றிப் பார்க்க வந்தவர்! மார்ஷ்விக் தொகுதியில் ஒன்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்று வந்தவரைப் பார்த்து! மனிதர் அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் கோபம் காவலாளி மேல் வரவில்லை. தன்னைப் போன்ற முகத்தோடு சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல் வந்தது. அவர்கள் வராமல் இருந்தால் இவன் ஏன் என்னைப் பார்த்து இப்படிக் கேட்கப் போகிறான்? அப்படி ஒரு கணக்கு. எட்வின் நல்லையா என்று யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறின பதினெட்டு வயதுப் பெடியன் எட்வின் நெய்லர் ஆனதும் அப்படி ஒரு கணக்கில்தான். நல்லையா என்று சொல்ல வெள்ளைக்காரருக்கு நாக்கு வளையவில்லை, சரி, அவர்களுடைய நாக்கை ஏன் கஷ்டப்படுத்துவான் என்று பெயரை வளைத்துக்கொண்டார். சொலிசிட்டர் ஆனார். நகரசபை, பிறகு கட்சி, பிறகு தொகுதி. கடற்கரைப் பட்டணம், ஓய்வூதியக்காரர், பனிமூட்டம், பொரித்த மீன் வாசனை. கதவு தட்டினால் முதலில் முகம் சுருங்கும். ஐந்து நிமிடம் அவர் பேசினால் விரியும். "நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை" என்பார்கள். அதைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். கன்னிப் பேச்சில் சொன்ன ஒரு வசனம் பத்திரிகையிலெல்லாம் வந்தது: "எந்த விருந்தாளிக்கும் கடைசி ரயில் ஒன்று உண்டு. நான் ஸ்டேஷன் மாஸ்டரின் மகன், எனக்குத் தெரியும்." சபை குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு குடிவரவு பற்றி எந்த விவாதம் வந்தாலும் கட்சி அவரைத்தான் எழுப்பிவிட்டது. வெள்ளை வாயால் சொன்னால் வழக்கு வரும் என்று பயந்த விஷயமெல்லாம் இவர் வாயால் வந்தது.

தொப்பி முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, நனைந்த மேலங்கி, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. இருபதடி தூரம் இருக்கும். மணிக்கு ஓடுகிற உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் அவரை முந்திக்கொண்டு போனார்கள், ஒருவரும் அவரில் முட்டவில்லை, ஒருவரும் விலகவும் இல்லை. இந்த மாளிகைக்குள் யாரும் தொப்பி போடுவதில்லை. எட்வின் நடையைக் கூட்டினார். அதுவும் கூட்டியது. குறைத்தால் குறைத்தது. பயமா? பயம்தான், ஏன் மறைப்பான். ஆனால் பயத்துக்குள் ஒரு ஆசையும் இருந்தது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த முகம் இந்தப் பக்கம் திரும்பினால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். எதைக் கேட்பது? அப்பா, நீங்கள் ஏன் எழும்பினீர்கள்?

தொண்ணூற்றோராம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. சாமுவேல் நல்லையா, இலங்கை ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் இருந்து மாகோ சந்தியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகனிடம் வந்து ஏழு வருடமாக மார்ஷ்விக்கில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர், முதன்முதலாக மகனின் பாராளுமன்றத்தைப் பார்க்க வந்திருந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில், முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பார்வையாளர் என்று அப்போது சொல்வதில்லை. உறுப்பினர் அல்லாத எவரும் இந்த வீட்டின் பாஷையில் 'அந்நியர்'. அந்நியர் மாடம், அந்நியர் சிற்றுண்டிச்சாலை. ஒரு பழைய முறை இருந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து "அந்நியரைக் காண்கிறேன்" என்று கத்தினால் போதும், மாடத்தைக் காலி செய்வதா என்று உடனே வாக்கெடுக்க வேண்டும். எந்தக் காலத்திலோ அரசனின் ஒற்றர்களுக்குப் பயந்து வைத்தது. இப்போது அதைப் பிடிக்காத சட்டமூலத்தின் நேரத்தைத் தின்பதற்குப் பயன்படுத்துவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அகதிகளுக்காக ஒரு சின்னச் சட்டமூலம் கொண்டுவந்தார். இரண்டரை மணிக்குச் சபை முடியும். இன்னும் கால்மணி நேரம் இழுத்தால் அது செத்துவிடும். கொறடா, கட்சி ஆட்களை வரிசை குலையாமல் மேய்க்கிறவர், எட்வின் காதில் குசுகுசுத்தார். எட்வின் எழுந்தார். கத்தினார். குரல் கணீரென்று வந்தது. கத்திவிட்டு மேலே பார்த்தார், வழக்கமாகப் பார்ப்பதில்லை, அன்றைக்கு அப்பா இருக்கிறார் என்ற பெருமையில் பார்த்தார். மாடத்தில் நூறு பேர் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், அமெரிக்கச் சுற்றுலாக்காரர், பத்திரிகைக்காரர். ஒருவரும் அசையவில்லை. ஒரேயொருவர் எழும்பினார். தொப்பியைத் தலையில் வைத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு வழி வாங்கிக்கொண்டு, படியேறி, கதவைத் திறந்து போய்விட்டார். அந்த வாக்கெடுப்புத் தோற்றது, அது தோற்பதற்கென்றே எடுக்கப்படுவது, ஒருவரும் வெளியேறத் தேவையில்லை. ஆனால் அகதிச் சட்டமூலம் செத்தது. கொறடா முதுகில் தட்டினார்.

கீழே தேநீருக்கு வரச் சொல்லியிருந்தார், அப்பா வரவில்லை. தானாக ரயில் பிடித்து மார்ஷ்விக் போய்விட்டார். அன்று மாலை தொலைபேசியில் எட்வின் கொஞ்சம் எரிச்சலோடுதான் பேசினார். "அது சும்மா ஒரு முறைக்குக் கத்திறது அப்பா. வோட்டில தோத்துப்போச்சுது. மற்ற ஆக்கள் ஒருத்தரும் எழும்பேல்லைத்தானே?" "மற்ற ஆக்கள் எழும்பினவையோ எண்டு நான் பாக்கேல்லைத் தம்பி. கத்தினது ஆர் எண்டுதான் பாத்தனான்." பிறகு, தனக்குத்தானே மொழிபெயர்க்கிற மாதிரி, "பிறத்தியாரைக் காண்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்நியர் என்ற சொல் புத்தகச் சொல், உடம்பில் ஒட்டாது. பிறத்தி என்பது வீட்டுச் சொல். பிறத்தியாருக்கு முன்னால் சண்டை பிடிக்காதே, பிறத்தியாரிடம் கைநீட்டாதே என்று தாயில்லாத வீட்டில் எட்வினை வளர்த்த அக்கா சொன்ன சொல். அப்பா அதற்குப் பிறகு பாராளுமன்றத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூற்றெட்டில் அந்தக் கூச்சலையே சபை விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது யாரும் அப்படிக் கத்த முடியாது. விதியிலிருந்து எடுத்தது காதிலிருந்து போகவில்லை. பார், இப்போதுகூட, மணியைக் கூர்ந்து கேட்டால் அது மணி மாதிரியா இருக்கிறது? பிறத்தி, பிறத்தி, பிறத்தி என்று ஒரே தாளத்தில்.

"எட்வின்!" தோளில் கை விழுந்தது. உடம்பு தூக்கிப்போட்டது. ஹ்யூ பார்னபி, இப்போதைய கொறடா, ஐம்பது வயது, எப்போதும் சூயிங்கம் வாசனை. "பேயைக் கண்ட மாதிரி நிற்கிறீர்கள். நான்தான். இன்றைக்கு நம் பக்கத்துக்குக் கூடத்து வாசலில் தலை எண்ணுவது நான்தான், அவசரம். கேளுங்கள், தலைக்குத் தலை இழுபறி. நம் ஆட்களில் ஏழு பேர் திடீரென்று மனச்சாட்சி வந்து அந்தப் பக்கம் போகிறார்கள்."

"மனச்சாட்சியா" என்றார் எட்வின்.

"அதேதான். பரவும் வியாதி. உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, மூன்று சொல்லைச் சேர்த்தவரே நீங்கள்தானே! ஆனால் தயவுசெய்து கதவடியில் நேராக நடந்து வாருங்கள். உங்களை எண்ணும்போது மட்டும் எனக்கு ஒன்று கூடிவிடுகிறது. எனக்கு முன்னால் எண்ணியவரும் இதையே சொன்னார். நீங்கள் வந்தபிறகு பின்னால் இன்னொருவர் வருகிற மாதிரி, எண்ணிவிட்டுப் பார்த்தால் ஆளைக் காணோம். கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் போல." சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். எட்வின் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கிறது. நாலரை.

மேலங்கிகள் மாட்டும் அறை வழியாகப் போனால் கிட்ட. வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே உறுப்பினரின் பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு இளஞ்சிவப்பு ரிப்பன் தொங்குகிறது, வாளைக் கட்டித் தொங்கவிடுவதற்காம். வாளோடு வந்த காலம் போய் எத்தனையோ தலைமுறை, ரிப்பனை மட்டும் புதிதாக மாற்றுகிறார்கள். நெய்லர் என்று எழுதின கொக்கியில் அவருடைய மேலங்கி. மேலங்கிப் பையில் காலையில் அக்கா வைத்த பொட்டலம், கண்ணாடித்தாளில் சுற்றின இரண்டு ரோல்ஸ், அவருக்குப் பசிக்கும் என்று. அக்கா. இரண்டாயிரத்துப் பத்தில் வந்தாள். புருஷனும் ஒரே மகனும் கடைசி யுத்தத்தில் போய், முகாமில் பத்து மாதம் இருந்து, கையில் ஒரு துணிப்பையோடு விமானநிலையத்தில் நின்றாள், ஆறு மாத விசாவில். "ராசா, தலைமயிர் எல்லாம் வெளுத்துப்போட்டுதே" என்று அவருடைய தலையைத் தடவினாள், பத்திரிகைக்காரன் யாரும் பார்க்கிறானா என்று அவர் சுற்றிப் பார்த்தார். ஐந்து வருடம் ஆகிறது. விசாவை நீட்டிக்க இரண்டு தடவை மறுத்தார்கள். ஒரு சொலிசிட்டரை வைத்து, தன் பெயர் வெளியே வராமல், மேன்முறையீடு போட்டிருக்கிறார். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை, வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருக்கிறதாம்.

இதுகூடப் பெரிதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை. தொகுதிக் கட்சித் தலைவி தேநீருக்கு வந்திருந்தாள். அக்கா தட்டில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள், நல்ல சேலை உடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. "இவர் யார்?" என்றாள் தலைவி. ஒரு சொல் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் அக்காவுக்கு ஒரு சின்னச் சொல்தான், குழந்தைகூடச் சொல்லும். எட்வின் சொன்னார்: "வீட்டு வேலைகளுக்கு உதவியாக இருக்கிறார்." தலைவிக்கு மிகவும் சந்தோஷம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமைகளில் இவருக்கு நேரம் இருக்குமா? எங்கள் வீட்டுக்கும் ஆள் தேடுகிறோம்" என்றாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தலைவி போன பிறகு அக்கா கேட்டாள், "என்னைப் பற்றி என்ன சொன்னனி தம்பி?" "என்ர அக்கா எண்டு சொன்னனான்." "அதுதானே! அந்த மனிசி என்ர கையை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நல்ல பிறவி." எட்வின் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். வெட்கத்தில் செத்துப்போகலாம் என்று இருந்தது. சாகவில்லை. அடுத்த வாரம் குழுக்கூட்டத்துக்குப் போய் மூன்று சொல் எழுதினார்.

ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அது தானாக வந்தது. எந்தச் சாமியும் தோன்றவில்லை, நெஞ்சு கனக்கவுமில்லை. 'இல்லை' கூடம். அவ்வளவுதானே! அந்தப் பக்கம் நடந்தால் முடிந்தது. கட்சி திட்டும், மார்ஷ்விக் திட்டும், பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடுவான், போடட்டும். மேயில் தேர்தல், எப்படியும் இந்த முறை நிற்கப் போவதில்லை, எழுபத்தொரு வயதுக்கு மேல் யாரிடம் நல்ல பெயர் வாங்கி எதில் ஒட்டுவது? அக்கா கணப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருக்கட்டும். உடம்பு லேசாகிவிட்டது. சிரிப்புக்கூட வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட கட்சிக்கு எதிராக நடக்காத இரண்டு கால்களைக் குனிந்து பார்த்து, வாருங்கள் பார்ப்போம் என்றார். அறையை விட்டு வெளியே வந்தபோது இரண்டரை நிமிடம் இருந்தது. தாராளம்.

தொப்பி நின்றுகொண்டிருந்தது. இவ்வளவு கிட்ட அது நின்றதே இல்லை. சபை மண்டபத்தின் வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த இடது தோளில் மழைத்துளிகள்கூடத் தெரிந்தன, நிலக்கரிப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த மணம் வந்தது. 'இல்லை' கூடத்துக்கு இங்கேயே, வாசலுக்கு வெளியிலேயே, பத்தடியில் வழி. 'ஆம்' கூடத்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்து, நடுவால் போய், சபாநாயகரின் ஆசனத்துக்குப் பின்னால் சுற்ற வேண்டும். தொப்பி மண்டபத்துக்குள் நுழைந்தது. அப்பா, நில்லுங்கோ. எட்வின் பின்னால் போனார். ஒரு நிமிடம்தான், முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். இதைச் சொல்லிவிட வேண்டும், அப்பா நான் இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறேன், அக்காவுக்காக, நீங்கள் இனி எழும்பத் தேவையில்லை, இருங்கோ. பச்சை ஆசனங்கள் இருபுறமும் காலியாக ஓடின. மாடத்தில் யாரோ தும்மினார்கள். மணி பிறத்தி பிறத்தி என்று துரத்தியது. சபாநாயகர் ஆசனத்தைக் கடக்கும்போது பழக்கத்தில் தலை குனிந்தது, நிமிர்ந்தபோது தோள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, கை நீட்டினால் தொடலாம், நீட்டினார், ஈரம் விரலில் பட்டது போல இருந்தது, ஒரு கதவு, ஒரு நெரிசல், முதுகுகள், முதுகுகள். தொப்பி போட்ட ஒரு தலைகூட இல்லை.

புத்தக அலுமாரிகள். எழுதும் மேசைகள். சுற்றிலும் தன் கட்சிக்காரர்கள். எங்கே நிற்கிறோம் என்பது காலுக்கு முதலில் தெரிந்தது, மண்டைக்குப் பிறகுதான் தெரிந்தது. மண்டைக்குத் தெரிந்தபோது அவர் பெயர் பதியும் மேசைக்கு முன்னால் நின்றார், குமாஸ்தா நிமிர்ந்தே பார்க்காமல் "நெய்லர்" என்று சொல்லிக் கோடு கீறிவிட்டான். இல்லை, நான் என்று வாய் திறந்தார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பதறாதே, பதறாதே, இதற்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. தவறான கூடத்துக்குள் போய்விட்டவர் ஓடிப்போய் மற்றக் கூடத்துக்குள்ளும் நடந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். வருடத்துக்கு நாலு பேராவது தூக்கக் கலக்கத்தில் இப்படிச் செய்வார்கள், தேநீர் அறையில் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தக் கூடத்தின் வெளிவாசல் திறப்பதும் அந்தக் கூடத்தின் நுழைவாசல் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில். பத்தடி. ஒருவரை இடித்தார், இன்னொருவரின் காலை மிதித்தார், எழுபத்தொரு வயது மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி முழங்கையால் வழி பிடுங்கிக்கொண்டு போனார். வாசலில் இரட்டைக் கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் திறந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராகத் தலை குனிந்து போக வேண்டும், எண்ணுகிறவர் உரக்க எண்ணுவார். "இருநூற்று எண்பத்தொன்று" என்றான் பார்னபி எட்வினின் தலைக்கு மேலே. பிறகு ஒரு கணம் தயங்கி, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அட! இன்றைக்கு ஒன்று கூடவில்லை எட்வின். நீங்கள் மட்டும்தான்."

அப்போதுதான் மணி நின்றுவிட்டிருப்பது காதில் பட்டது. எப்போது நின்றது? பத்தடிக்கு அந்தப் பக்கம் 'இல்லை' கூடத்தின் கதவில் காவலாளி சாவியை உருவிக்கொண்டிருந்தான்.

"திற" என்றார் எட்வின்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. சபாநாயகர் சொல்லிவிட்டார்."

"நான் உள்ளே போக வேண்டும்."

"நீங்கள் இப்போதுதானே ஐயா அந்தப் பக்கத்தால் வந்தீர்கள்" என்றான் காவலாளி, மிகவும் பணிவாக. கதவின் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். ஏழு பேரின் முகமும் தெரிந்தது. எட்வின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவருடைய முகம் மட்டும் இருந்தது, பின்னால் வெறும் சுவர். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பின்னால் ஒன்றுமே இல்லை. அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனாரா? முப்பத்தைந்து வருடத்தில் ஒரு ரயிலைக்கூடத் தவறான தண்டவாளத்தில் விடாத மனிதர், மகளை ஏற்றி அனுப்பவா வழிகாட்டுவார்? சொந்தக் கால் போன பாதைக்குச் செத்தவர் மேல் பழி போடுகிறாயா? தொப்பியை வேறு யாராவது கண்டார்களா? பார்னபி ஒன்று கூட எண்ணினான், கண்டேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கத்தினதும் நீ, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்காரி என்றதும் நீ, பென்சில் பிடித்ததும் நீ. ஒவ்வொரு தடவையும் யாரோ தள்ளினது போலத்தான் இருந்தது. தள்ளினவரைத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

எண்ணியவர்கள் நாலு பேரும் வரிசையாக நின்று குனிந்து முடிவை வாசித்தார்கள். ஆம், இருநூற்று எண்பத்தேழு. இல்லை, இருநூற்று எண்பத்தாறு. ஒரு பக்கம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது, தாள்கள் பறந்தன. எட்வின் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். யார் யாரோ முதுகில் தட்டினார்கள், குழுவில் அன்று கேள்வி கேட்ட அந்தச் சின்ன வயது உறுப்பினன் தலை குனிந்து வெளியே போனான். முப்பது நாள். பெப்ரவரியில் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்குவாள். கூட்டிப்போக ஆள் வேண்டும். கம்பளிச் சட்டை அங்கே தேவைப்படாது. அவளுக்கு எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது? மறுத்தவர்கள் யார் என்று கேட்பாளே, அவையள் ஆர் தம்பி என்று கேட்பாளே. கோட்டுப்பையில் தொலைபேசி துடித்தது. சபைக்குள் பேசக் கூடாது. எழும்பி, ஆட்கள் இல்லாத ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று எடுத்தார்.

"தம்பி, உன்னை இப்ப டிவியில கண்டனான்" என்றாள் நேசமலர். பின்னால் தொலைக்காட்சியின் இரைச்சல் கேட்டது. "நடுவால விறுவிறெண்டு நடந்து போனாய். கோட்டுப் போத்தான் பூட்டேல்லை, தடிமன் பிடிக்கப் போகுது. என்ன, எல்லாரும் உப்பிடிக் கத்தீனம்? வெண்டிட்டியளோ?"

"ஓம் அக்கா."

"எத்தினையால?"

"ஒண்டால."

"ஒண்டாலயோ!" அவள் கைதட்டின சத்தம் கேட்டது. எழுபத்தொன்பது வயதில் சின்னப் பெட்டை மாதிரிச் சிரித்தாள். "அப்ப உன்ர வோட்டாலதான் ராசா வெண்டது. நீ மட்டும் போகாட்டி என்ன ஆகியிருக்கும் சொல்லு பாப்பம்!"

"ஓம் அக்கா" என்றார் அவர். "என்ர வோட்டாலதான்."